நாய்க்கு வலிப்பு வந்தால்: டர்பன் தமிழ் வீடுகளில் கேட்கும் கேள்விகள்

எங்கள் நாய் செம்பாவுக்கு முதல் வலிப்பு வந்தபோது அவளுக்கு 2 வயது. விடிகாலை நாலேகால் மணி. சமையலறையில் ஏதோ தகரம் உருளுகிற சத்தம் கேட்டு ஓடினேன். அவளுடைய தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. ஈரத் தரையில் பக்கவாட்டில் விழுந்து நான்கு காலும் நீந்துவது போல் அடித்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரை. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. செத்துப்போகிறாள் என்றே நினைத்தேன்.

இப்போது அவளுக்கு 9 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கும் எனக்குக் கோயிலிலும் கடையிலும் இதைப் பற்றித்தான் கேள்வி வருகிறது. நான் டாக்டர் இல்லை. ஒரு நாயை 7 வருடம் வலிப்போடு வளர்த்தவள். எங்கள் கால்நடை டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வலிப்பு கண்முன்னே வந்துகொண்டிருக்கிறது. முதலில் என்ன செய்வது?

மணியைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலான வலிப்பு 2 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்து. கடிகாரம் பார்க்காதவருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது, அடிபடாமல் பார்த்துக்கொள்வது. படிக்கட்டு, மேசைக்கால், நீச்சல்குளம் பக்கத்தில் இருந்தால் இடுப்புப் பக்கமாகப் பிடித்து மெல்ல இழுத்து அப்பால் விடுங்கள். தலைக்கடியில் ஒரு துண்டு போதும். டிவியை அணையுங்கள், குழந்தைகளையும் மற்ற நாய்களையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடவே விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்கிவிடாது. ஆனால் தாடை இறுகும்போது உங்கள் விரல் போய்விடும், அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. தண்ணீரும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

முடிந்தால் வீட்டில் ஒருவர் கைபேசியில் படம் பிடிக்கட்டும். அந்த நேரத்தில் படம் எடுப்பது கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் டாக்டர் முன்னால் போய் நிற்கும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும், காட்ட உங்களிடம் அந்தப் படம்தான் இருக்கும்.

எப்போது காரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்?

5 நிமிடம் தாண்டினால். 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வலிப்பு வந்தால். ஒன்றிலிருந்து முழு நினைவு திரும்பும் முன்பே அடுத்தது தொடங்கினால். ஏதோ விஷத்தைத் தின்றிருக்கும் என்று சந்தேகம் இருந்தால். நள்ளிரவு என்றாலும் காத்திருக்க வேண்டாம். நீண்ட வலிப்பில் தசை ஓயாமல் வேலை செய்து உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல் ஏறும், அந்தச் சூடே மூளையைக் கெடுக்கும். போகிற வழியில் கார் ஏசியைப் போட்டு, வயிற்றிலும் பாதங்களிலும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். ஐஸ் வேண்டாம்.

சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்கிறார்களே?

செம்பாவின் இரண்டாவது வலிப்பின்போது பக்கத்து வீட்டு ஆயா வேலியைத் தாண்டி ஓடிவந்து அவள் பாதத்தில் இரும்புச் சாவியை அழுத்திப் பிடித்தார். வலிப்பு நின்றது. நிற்கிற நேரம் வந்ததால் நின்றது. ஆயா அன்பில் செய்தார், நான் தடுக்கவில்லை. ஆனால் இரும்புக்கும் மூளை நரம்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சாவி தேடுகிற நேரத்தில் மணி பார்க்க மறந்துவிடுவோம், அதுதான் நஷ்டம்.

வலிப்பு நின்ற பிறகு சுவரில் முட்டுகிறது, என்னையே அடையாளம் தெரியவில்லை. கண் போய்விட்டதா?

இல்லை. மூளை தன்னிலைக்கு வர நேரம் எடுக்கிறது. சில நிமிடத்தில் சரியாகலாம், ஒரு நாள் வரை கூட இழுக்கலாம். பார்வை மங்கும், தள்ளாடும், ஓயாமல் சுற்றிச்சுற்றி நடக்கும், அகோரப் பசி எடுக்கும். உறுமிக் கடிக்க வருகிற நாயும் உண்டு. அது உங்கள் மேல் கோபமில்லை, பயம். வெளிச்சத்தைக் குறைத்து, பெயர் சொல்லி மெதுவாகப் பேசிக்கொண்டு தள்ளி உட்காருங்கள். நன்றாக விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் தண்ணீரும் சாப்பாடும் கொடுங்கள்.

விழுந்தது எல்லாம் வலிப்புதானா?

இதயக் கோளாறில் மயங்கி விழும் நாய் துணி போலத் துவண்டு விழுந்து, சில விநாடிகளில் எழுந்து ஒன்றும் நடக்காதது போல் போய்விடும். பெரும்பாலும் ஓட்டத்தின்போதோ குதூகலத்தின்போதோ நடக்கும். வலிப்பு அதிகமும் தூக்கத்திலோ ஓய்விலோ வரும். உடல் விறைக்கும், சிறுநீர் போகலாம், பிறகு குழப்பம் இருக்கும். வயதான நாய் திடீரென்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, விழி இடவலமாக ஆட, நிற்க முடியாமல் சரிந்தால் அது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறாக இருக்கலாம். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் துடிப்பது, இல்லாத ஈயைப் பிடிப்பது போல் காற்றைக் கடிப்பது போன்ற சிறு வலிப்புகளும் உண்டு. படம் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஏன் வருகிறது?

டாக்டர் எனக்கு மூன்று கதவு என்று சொல்லிக்கொடுத்தார். மூளைக்கு வெளியே உடம்பில் இருக்கும் கோளாறு ஒன்று. மூளைக்குள்ளேயே இருக்கும் நோய் இன்னொன்று. மூன்றாவது, எதைத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காத, பெரும்பாலும் பரம்பரையில் வருகிற காக்காய் வலிப்பு.

வெளிக்கோளாறில் சர்க்கரை குறைவது முக்கியம். சின்னஞ்சிறு குட்டிகள் ஒரு வேளை பட்டினி கிடந்தாலே சர்க்கரை இறங்கி வலிப்பு வரும். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்நாய் உடல் நடுங்கி விறைத்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு, உடனே ஊசி போட்டால் பிழைக்கும். யார்க்ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிறு ஜாதிகளில் சில குட்டிகள் பிறக்கும்போதே கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு தவறான ரத்தக்குழாயோடு பிறக்கும். சாப்பிட்ட பிறகு மந்தமாகி, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கும்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நாம் பிலியரியை மறக்கவே கூடாது. உண்ணி கடித்து வரும் பேபீசியா ரோசி என்ற கிருமி ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும், நாய் சோர்ந்து படுத்துவிடும். முற்றினால் சர்க்கரை இறங்கும், மூளையையும் தாக்கும், வலிப்பு வரும். கோடையில் உங்கள் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இருந்து வலிப்பு வந்தால் முதலில் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள்.

மூளைக்குள் என்றால், தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். எதையோ மென்றுகொண்டே இருப்பது போல் தாடை அடித்துக்கொள்ளும். பக் போன்ற சிறு ஜாதிகளில் மூளை அழற்சி வரும். 6 வயதுக்கு மேல் முதன்முதலாக வலிப்பு வந்தால் கட்டி இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும், பாக்சர் ஜாதியில் இது கூடுதல்.

காரணம் தெரியாத வகை பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையே தொடங்கும். பார்டர் கோலி, லாப்ரடார், பீகிள், ஜெர்மன் ஷெப்பர்ட் ஜாதிகளில் அதிகம். செம்பா நாட்டு நாய்க் கலப்பு, அவளுக்கும் வந்தது. இந்த வகை உள்ள நாயைக் குட்டி போட விடாதீர்கள். குட்டிக்கும் போகலாம்.

வீட்டிலும் தோட்டத்திலும் எந்தப் பொருள் வலிப்பைக் கொண்டுவரும்?

இதை நிதானமாகப் படியுங்கள். நம் கையால் தடுக்கக்கூடியது இதுதான்.

நத்தை மருந்து. டர்பன் ஈரத்துக்குக் கீரைப் பாத்தியில் நத்தை மொய்க்கும், நாமும் நீலப் பச்சை உருண்டைகளைத் தூவுகிறோம். அதிலுள்ள மெட்டால்டிஹைடு நாய்க்குப் பிடித்த ருசி. தின்ற சில மணி நேரத்துக்குள் உடல் முழுக்க நடுங்கி, சூடு ஏறி, வலிப்பு வரும். மாற்று மருந்து கிடையாது. டாக்டர் வலிப்பையும் சூட்டையும் அடக்கி விஷம் வெளியேறும்வரை காப்பாற்ற வேண்டியதுதான்.

நேற்று இன்று நாளை செடி. ஊதா, இளநீலம், வெள்ளை என்று மூன்று நாளில் நிறம் மாறுகிற பூ, இங்கே எத்தனையோ வீட்டு வாசலில் இருக்கிறது. அதன் காயும் விதையும் நாய்க்குக் கடும் நரம்பு விஷம். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, வேரோடு எடுத்துவிட்டேன்.

கற்பூரம். பூஜை முடிந்ததும் தட்டில் மிஞ்சிய கட்டியைத் தாழ்வான மேடையில் வைக்காதீர்கள். கற்பூரம் மூளையை நேராகத் தாக்கி வலிப்பைத் தூண்டும். குழந்தைக்கும் இதே ஆபத்துதான்.

சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்தில் தரைமட்டத்துக்கு இறக்கும். கறுப்பு சாக்லேட், பூசணம் பிடித்த ரொட்டி, குப்பைக்குழியில் புளித்த சோறு எல்லாமே இந்த வரிசையில் சேரும்.

கடைசியாக, சொல்லவே மனம் பதறுகிற ஒன்று. திருட வருகிறவர்கள் மதிலுக்கு மேலால் இறைச்சியில் கலந்து எறியும் ‘டூ ஸ்டெப்’. ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்து அது. தடை செய்யப்பட்டும் தெருவோரத்தில் எலிமருந்தாக விற்கிறார்கள். எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, பிறகு வலிப்பு. எல்லாம் நிமிடங்களில். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் 6 குழந்தைகளைக் கொன்ற டெர்புஃபோஸும் உடம்பில் இதே வழியில்தான் வேலை செய்கிறது. வாந்தி எடுக்க வைக்க முயன்று நேரத்தைக் கழிக்காதீர்கள், வலிப்பில் இருக்கும் நாய்க்கு அது இன்னும் ஆபத்து. நேரே டாக்டரிடம். அட்ரோபின் ஊசி சீக்கிரம் போட்டால் பிழைத்த நாய்கள் உண்டு. மிச்ச இறைச்சி கிடந்தால் கையுறை போட்டுப் பையில் எடுத்துப் போங்கள். தாராளமாகக் குரைக்கிற நாய் இரவில் வீட்டுக்குள் தூங்கட்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வெறிநாய்க்கடி நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் அந்தப் பயம் நியாயமானது. இங்கே நாய்களிடையே வெறிநோய் இன்னும் இருக்கிறது. தடுப்பூசி போடாத நாய், சில நாளாகக் குணம் மாறி, குரல் மாறி, எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல் தவித்து, பிறகு வலிப்பும் வந்தால் கிட்டே போகாதீர்கள். அறையிலோ கேட்டுக்குள்ளோ அடைத்துவிட்டு அரசுக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ எச்சிலோ பட்டிருந்தால் 15 நிமிடம் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அறிகுறி தெரிந்த பிறகு மனிதருக்கும் பிழைப்பு இல்லை.

நாய்க்கு 3 மாதத்தில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, அப்புறம் 3 ஆண்டுக்கு ஒருமுறை. இது இங்கே சட்டம். ஒழுங்காக ஊசி போட்ட நாய்க்கு வரும் வலிப்பு பெரும்பாலும் வேறு காரணத்தால்தான்.

டாக்டர் என்ன பரிசோதனை செய்வார்? ஸ்கேன் கட்டாயமா?

முதலில் உங்களைத்தான் விசாரிப்பார். எப்போது, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன தின்றது, தடுப்பூசி உண்டா, தாய் தந்தைக்கு இருந்ததா. பிறகு நரம்புப் பரிசோதனை: பாதத்தை மடக்கி வைத்தால் திருப்பி வைக்கிறதா, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, நேராக நடக்கிறதா. வலிப்பு முடிந்து ஓரிரு நாள் கழித்துச் செய்தால் தெளிவாகத் தெரியும். பின் ரத்தம், சிறுநீர். சர்க்கரை, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம், தேவைப்பட்டால் பித்த அமிலம், பிலியரிக்கு ரத்தத் துளி.

வயது 6 மாதத்துக்கும் 6 வயதுக்கும் இடையே, நரம்புப் பரிசோதனை சரி, ரத்தமும் சரி என்றால் ஸ்கேன் இல்லாமலே காரணம் தெரியாத வகை என்று வைத்து வைத்தியம் தொடங்கலாம். அந்த வயதுக்கு வெளியே, அல்லது ஒரு பக்கம் பலவீனம், கொத்துக் கொத்தாக வலிப்பு, மருந்துக்குக் கட்டுப்படாமை இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கேனும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் தேவைப்படும். செலவு பெரிது, மயக்க ஊசியும் வேண்டும். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டிபோர்ட் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புகிற டாக்டர்களும் உண்டு. செம்பாவுக்கு நாங்கள் ஸ்கேன் எடுக்கவில்லை. வருத்தமும் இல்லை.

ஒரு தடவை வந்தது. உடனே மாத்திரையா?

எப்போதும் இல்லை. 6 மாதத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் வந்தால், 5 நிமிடத்தைத் தாண்டியது ஒன்று வந்தால், ஒரே நாளில் பல வந்தால், பிந்தைய குழப்பம் மிகக் கடுமையாக இருந்தால் தொடங்குவார்கள். தள்ளிப்போட்டால் பிறகு கட்டுப்படுத்துவது சிரமமாகலாம். அதுவரை ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்குங்கள்.

ஃபினோபார்பிட்டோன் என்ற வலிப்பு மாத்திரையைக் கொடுத்தால் நாய் மந்தமாகிவிடுமா?

முதல் இரண்டு வாரம் ஆகும். செம்பா குடித்தவன் போல் பின்னங்கால் பின்ன நடந்தாள். பிறகு உடம்பு பழகியது. தாகம், அடிக்கடி சிறுநீர், பசி மட்டும் தொடரும். பசி என்றால் திருட்டுப் பசி, ஒருமுறை ஒரு முழு ரொட்டியை உறையோடு தின்றுவிட்டாள். எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 மணி நேரத்துக்கு ஒருமுறை, காலை 6, மாலை 6 என்றால் அதே நேரம். இரண்டு வாரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவும் கல்லீரலும். ஏஎல்பி என்ற கல்லீரல் எண் இந்த மருந்தால் உயரும், அது மட்டும் உயர்ந்தால் கல்லீரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் கண் மஞ்சளானால், சாப்பாட்டை வெறுத்தால் உடனே சொல்லுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று நிறுத்தாதீர்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். ஒரு ஈஸ்டர், நாங்கள் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். மாத்திரை வியாழன் இரவோடு தீர்ந்தது. புனித வெள்ளி முதல் திங்கள் வரை விடுமுறை, கிளினிக் மூடல். செம்பாவுக்கு 7 மாதமாக வலிப்பே இல்லை, நாலு நாள்தானே என்று விட்டேன். சனிக்கிழமை இரவு 11 மணியிலிருந்து அடுத்தடுத்து மூன்று. அவசரக் கிளினிக்கில் ஊசிக் குழாயோடு அவள் படுத்திருந்ததைப் பார்த்துக்கொண்டு விடியவிடிய நின்றேன். மருந்து நிற்கும்போது மூளை முன்னிலும் வேகமாகக் கிளர்ந்தெழும். அன்றிலிருந்து புட்டியில் இரண்டு வார மாத்திரை இருக்கும்போதே அடுத்த சீட்டு வாங்கிவிடுகிறேன்.

அதற்கும் கட்டுப்படவில்லை என்றால்?

பொட்டாசியம் புரோமைடு சேர்ப்பார்கள். அது ரத்தத்தில் நிலைபெற ஏறக்குறைய 3 மாதம் ஆகும். உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வெளியே தள்ளிவிடும், மருந்து குறைந்து வலிப்பு வரும். அதனால் இன்று பில்டாங் என்ற உப்பு போட்டுக் காயவைத்த இறைச்சி, நாளை இல்லை என்று கொடுக்கக் கூடாது. வடை, எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், இந்த மருந்தோடு கணைய அழற்சி வரக்கூடும். லெவெட்டிராசிட்டாம் கல்லீரலுக்கு இதமானது, ஆனால் சாதாரண வகையை நாளுக்கு மூன்று வேளை கொடுக்க வேண்டும். இமெபிட்டாயின் என்ற மருந்தும் உண்டு. எல்லாம் செய்தும் சில நாய்களுக்கு அடங்காது, அதை உங்கள் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வலிப்பு அறவே இல்லாமல் போவது மட்டும்தான் வெற்றி என்று நினைக்க வேண்டாம். மாதம் நாலு வந்தது மூன்று மாதத்துக்கு ஒன்றானால் அது பெரிய வெற்றி.

வீட்டில் வைத்துக்கொள்ள ஆசனவாயில் செலுத்தும் டயஸிபாமோ மூக்கில் அடிக்கும் மிடாசோலாமோ எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா வலிப்புக்கு எபிலிம் மாத்திரை சாப்பிடுகிறார். அதில் பாதி கொடுக்கலாமா?

வேண்டாம். நாயின் உடம்பு அந்த மருந்தை மிக வேகமாகக் கரைத்துவிடும், பலன் நிற்காது. அம்மாவுக்கும் மாத்திரை குறையும்.

உண்ணி மாத்திரை வலிப்பைக் கொண்டுவருமா?

பிரவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா போன்ற ஒரே குடும்பத்து மருந்துகளைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரித்தது: பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பு, ஆனால் சிலவற்றுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். வலிப்புள்ள நாய்க்கு வேறு வழி கேளுங்கள். ஆனால் பயந்துகொண்டு ஒன்றுமே போடாமல் விட்டால் பிலியரி வரும். எங்கள் டாக்டர் செம்பாவுக்கு உண்ணிக்கான கழுத்துப்பட்டை எழுதித்தந்தார்.

தீபாவளி வெடி?

சத்தம் காக்காய் வலிப்பை உண்டாக்காது. ஆனால் ஏற்கெனவே உள்ள நாய்க்குப் பயமும் தூக்கமின்மையும் தூண்டுகோலாகலாம். சன்னல் மூடி, உள்ளறையில், யாராவது கூடவே இருங்கள். மாலை மாத்திரையைக் கூட்டத்தில் மறந்துவிடாதீர்கள், அந்த நாளில் அதுதான் அடிக்கடி நடக்கிறது.

கண்ணேறு, குலதெய்வக் குறை என்கிறார்கள்.

விளக்கேற்றிக் கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கும்பிடுங்கள். நோய் யாருடைய பாவத்துக்கும் கூலி இல்லை.

இதற்குப் பேசாமல் ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்கிறார் என் கணவர்.

வலிப்பின் நடுவில் நாய்க்கு நினைவு இருப்பதில்லை, அது வேதனை படுவது போல் நமக்குத் தெரிகிறது. முதல் வலிப்பைப் பார்த்த அன்று எடுக்கிற முடிவு இது இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். மருந்து தொடங்கிச் சில மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். எடுத்துவந்த மருந்தெல்லாம் தோற்று, வாரம் முழுக்க வலிப்பாகி, இடைப்பட்ட நாளிலும் அது உங்களைத் தேடாமல் போனால், அப்போது அந்த ஊசி கருணைதான். அதைச் செய்தவர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. பணம்தான் தடை என்றால் எஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பில் போய்க் கேளுங்கள், ஃபினோபார்பிட்டோன் மற்ற மருந்துகளைவிட மலிவு.

செம்பாவின் நோட்டில் கடைசிப் பதிவு ஆகஸ்டு 3, காலை 5.10, 50 விநாடி. அன்று மத்தியானம் மாமரத்தில் ஏறிய குரங்கைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆயா சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.